ஒரே வகுப்பறையில் இருவர்: ஒன்டாரியோ பள்ளி வாரியமும் வத்திராயிருப்பு ஒன்றியமும்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரில் விளையும் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பு வட்டாரத்தையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது முதலில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெல்லையும் தென்னையையும் மாவையும் நம்பி வாழும் ஊராட்சி ஒன்றியம். மற்றொன்று பரப்பில் தமிழ்நாட்டைப்போல எட்டு மடங்கு பெரிய மாகாணம். வருமானத்திலோ தட்பவெப்பத்திலோ இரண்டுக்கும் ஒப்புமை கிடையாது.

ஆனால் ஒரு பணியில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகளைப்போல நிற்கின்றன. பள்ளி வயதை எட்டாத குழந்தையை நாள் முழுவதும் பொது நிறுவனத்தின் பொறுப்பில் வைத்து, சோறும் தூக்கமும் விளையாட்டும் எழுத்தும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் வளர்த்தெடுக்கும் பணி அது. ஒன்டாரியோவில் இதை ஊரார் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்கள் செய்கின்றன. இங்கே அங்கன்வாடியும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும்போது வேறுபாடுகள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஒற்றுமைகள் எதிர்பாராத இடத்தில் இருக்கின்றன.

நாளின் நீளம்

முதல் வியப்பு நேரத்தில். மழலையர் வகுப்பை 1887லேயே பொதுப் பள்ளியின் அங்கமாக ஏற்ற மாகாணம் ஒன்டாரியோ. இருந்தும் அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பெரும்பாலான பள்ளிகளில் அது அரைநாள் வகுப்பாகவே இருந்தது. கிராமப்புற வாரியங்கள் சில, ஒருநாள் விட்டு ஒருநாள் முழுநாள் வகுப்பு நடத்தின. பிரெஞ்சு மொழி வாரியங்கள், முழுநாள் வகுப்புக்கான சட்டம் வருவதற்கு முன்பே முழுநாளுக்கு மாறியிருந்தன. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் முழுநாள் என்பது 2010 செப்டம்பரில் தொடங்கி 2014 செப்டம்பரில்தான் நிறைவேறியது.

தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழ். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் கிராமப்புறத்தில் இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. மதியச் சோறு போட வேண்டும் என்றால் குழந்தை மதியம் வரை இருக்க வேண்டும்; உண்ட குழந்தை உறங்கும்; உறங்கிய குழந்தையை அம்மா வந்துதான் எழுப்ப வேண்டும். கூமாப்பட்டியிலும் கான்சாபுரத்திலும் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகும் தாய்க்கும், ராஜபாளையத்து நூற்பாலைக்கு ஷிப்ட் போகும் தாய்க்கும் பால்வாடி என்றால் நாள் முழுவதும் என்றே பொருள். அதை முழுநாள் திட்டம் என்று யாரும் பெயரிட்டு அறிவிக்கவில்லை.

ஒன்டாரியோவில் கல்வி முதலில் வந்து, முழுநாள் பின்னர் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முழுநாள் முதலில் வந்து, கல்வி பின்னர் சேர்ந்தது. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை என்பதால், இருவரின் சீர்திருத்தங்களும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து கிளம்பி ஒரே புள்ளியை நோக்கி நடந்தன.

எந்தப் பள்ளியில் முதலில்?

ஒன்டாரியோவின் தொடக்கம் ஓர் அறிக்கை. முதல்வர் டால்டன் மெக்கின்டியின் சிறப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்ட சார்லஸ் பாஸ்கல் 2009 ஜூனில் அதை அளித்தார். 2010 ஏப்ரலில் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 600 பள்ளிகளில் 35,000 குழந்தைகளுடன் முதல் கட்டம் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டில் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது.

தமிழ்நாட்டின் தொடக்கம் ஓர் அரசாணை. 2018 டிசம்பரில் அது வெளியானது. 2019 ஜனவரி 21 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சென்னை எழும்பூரில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் வந்தன. மாநிலத்தில் அன்றிருந்த 54,439 மையங்களில் இது ஏறக்குறைய இருபத்துமூன்றில் ஒன்று.

அங்கே ஐந்தாண்டுப் படிக்கட்டு. இங்கே முதல் படியே நெடுங்காலத் தங்குமிடமாகிவிட்டது. இது வெளிப்படையான வேறுபாடு. ஆனால் பள்ளிகளைத் தேர்ந்த விதத்தில் ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. ஒன்டாரியோவில் முதல் கட்டப் பள்ளிகளின் பட்டியலை வாரியங்கள் முன்மொழிந்தன, மாகாணம் உறுதிசெய்தது. தேவை எங்கே அதிகம் என்பதோடு, காலி வகுப்பறை எங்கே இருக்கிறது என்பதும் அதில் தீர்மானிக்கும் காரணமாக இருந்தது. தமிழ்நாட்டிலோ பள்ளி வளாகத்துக்குள் அங்கன்வாடி இருக்கிறதா என்பதே அளவுகோல். மலையடிவாரக் குடியிருப்பில் தனிக் கட்டடத்தில் இயங்கும் மையத்துக் குழந்தைக்கு இந்த வாய்ப்பு வரவில்லை. பள்ளிச் சுவருக்கு உள்ளே அமைந்த மையத்துக் குழந்தைக்கு வந்தது. கல்விக் கொள்கை எவ்வளவு உயர்ந்த மொழியில் எழுதப்பட்டாலும், களத்தில் அதை முதலில் செதுக்குவது இடவசதிதான் என்பதை இரு அனுபவங்களும் ஒரே குரலில் சொல்கின்றன.

தேர்வில் பங்கு பெற்றவர்கள் யார் என்று கேட்டால் பாதை பிரிகிறது. ஒன்டாரியோவில் வாரியத்தின் கை அந்தப் பட்டியலில் பட்டது. ஆகவே தன் பள்ளி ஏன் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டது என்று கேட்க ஒரு பெற்றோருக்கு வாரியக் கூட்டம் இருந்தது. இங்கே பட்டியல் சென்னையில் முடிவானது. ஏன் எங்கள் மையம் இல்லை என்று கேட்க விரும்பிய தாய்க்குப் போவதற்கு ஓர் உள்ளூர் வாசல் இல்லை.

அறைக்குள் இருவர்

இரு திட்டங்களின் உயிரும் ஒரே இடத்தில் இருக்கிறது: அறைக்குள் நிற்கும் இரண்டு பெரியவர்கள்.

ஒன்டாரியோ வகுப்பில் ஓர் ஆசிரியரும் பதிவுபெற்ற மழலைக் கல்வியாளர் ஒருவரும் இருப்பர். வகுப்பின் சராசரி அளவு 26. ஆகவே பதின்மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர். பாடத்தைத் திட்டமிடுவது, குழந்தையைக் கவனித்துக் குறிப்பெடுப்பது, வளர்ச்சியை மதிப்பிடுவது, பெற்றோரோடு பேசுவது ஆகிய அனைத்திலும் இருவரும் ஒத்துழைக்க வேண்டும் என்பது அங்கே அறிவுரை அல்ல, கல்விச் சட்டத்தில் எழுதப்பட்ட கடமை. இருவருக்கும் நியமன அதிகாரி ஒருவரே: பள்ளி வாரியம்.

அங்கன்வாடியிலும் இருவர் உண்டு: பணியாளர், உதவியாளர். ஊர் வழக்கில் பால்வாடி டீச்சரும் ஆயாவும். 2019இல் மூன்றாமவராக ஓர் ஆசிரியர் வந்தார். நடுநிலைப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் மழலையர் வகுப்புகளுக்கு மாற்றப்பட்டனர். தொடக்கக் கல்விக்குப் பயிற்சி பெற்ற தங்களை அங்கன்வாடிக்கு அனுப்புவது பதவியிறக்கம் என்று கருதி ஆசிரியர்கள் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். ஆசிரியருக்கு அதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர். பணியாளருக்கு அதிகாரி குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். ஓர் அறை, இரு துறைகள், இரு வருகைப் பதிவேடுகள்.

இந்த அறைகளைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒன்டாரியோவில் ஜனவரி மாதத்து இடைவேளை. இருபத்தாறு குழந்தைகளுக்கும் பனிக்காலக் கால்சட்டை, காலணி, கையுறை, குல்லாய் என்று ஒவ்வொன்றாக மாட்டி வெளியே அனுப்பவே நெடுநேரம் பிடிக்கும். அங்கே பட்டம் பெற்ற ஆசிரியரும் மண்டியிட்டுத்தான் ஜிப்பை இழுத்துவிட வேண்டும். தன் கையுறையைத் தானே மாட்டக் கற்ற குழந்தையைப் பற்றி மழலைக் கல்வியாளர் எழுதிவைக்கும் குறிப்பு, அன்றைய கற்றலின் பதிவாகிறது. பராமரிப்பும் கல்வியும் அங்கே ஒரே செயலின் இரு பெயர்கள்.

நம் அங்கன்வாடியில் காலை. உதவியாளர் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டிவருகிறார். பிறகு பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றுகிறார். பணியாளர் எடைத் தராசில் குழந்தையை உட்காரவைத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார். கர்ப்பிணிக்குச் சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் மீண்டும் பதிகிறார். வாரம் மூன்று நாள் முட்டை வேகவைத்து உரிக்க வேண்டும். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் அழகான பாடத்திட்டம் கையில் இருக்கிறது. ஆட, பாட, விளையாட வைக்க ஓய்ந்த கைதான் இல்லை.

ஆகவே கூடுதலாக ஒரு கை என்ன செய்யும் என்பது கற்பனைக் கேள்வி அல்ல. தமிழ்நாட்டிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்டது. அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் மழலைக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்து ஆராய்ந்தனர். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். இன்னும் வியப்பானது, குள்ளத்தன்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பாடம் நடத்தும் சுமை குறைந்த பணியாளரால் உணவுக்கும் உடல்நலத்துக்கும் கூடுதல் நேரம் கொடுக்க முடிந்ததுதான் காரணம்.

ஒன்டாரியோவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் பெல்லெட்டியே குழுவினர் முழுநாள், அரைநாள் வகுப்புக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முழுநாள் வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும், தம்மைத்தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் திறனிலும் முன்னே இருந்தனர். அங்கே பள்ளிக்குள் பராமரிப்பைக் கொண்டுவந்ததால் கல்வி உயர்ந்தது. இங்கே பராமரிப்புக்குள் கல்வியைக் கொண்டுவந்ததால் உடல்நலமும் உயர்ந்தது. இரு ஆய்வுகளும் எதிரெதிர் முனையிலிருந்து வந்து ஒரே உண்மையைத் தொடுகின்றன. குழந்தையின் வயிறும் மனமும் இரு துறைகளாகப் பிரிந்திருப்பது நிர்வாக வசதிக்காக மட்டுமே.

இருவர் இருக்கும் அறையில் ஊதியப் பிளவும் இருக்கிறது. இதுவும் ஒற்றுமைதான், மகிழ்ச்சி தராத ஒற்றுமை. ஒன்டாரியோவில் மழலைக் கல்வியாளரின் ஊதியம் ஆசிரியரின் ஊதியத்தைவிட வெகுவாகக் குறைவு. ஆசிரியருக்குக் கிடைத்த திட்டமிடும் நேரம் அவருக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022இல் இடைநிலை ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்ப அழைக்கப்பட்டபோது மழலையர் வகுப்புகள் மூடப்படும் நிலை வந்தது. பெற்றோரின் எதிர்ப்பைத் தொடர்ந்து ஜூன் மாதத்தில் வகுப்புகள் தொடரும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். பின்னர் மாதம் ரூ.5,000 மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஆண்டில், அவர்களுக்கு அருகில் நின்று கற்பிப்பவர் தற்காலிகமானார். அங்கே மழலைக் கல்வியாளர் குறைந்த ஊதியம் பெறுகிறார், ஆசிரியர் நிலையானவர். இங்கே பணியாளர் ஓரளவு நிலையானவர், ஆசிரியரோ மாதத்துக்கு மாதம். குறை ஒன்றே; அது விழுந்த தோள்தான் வேறு.

சிறிய ஊர்களிலும் இப்படியே. பதினாறு பேருக்குக் குறைவான வகுப்பில் மழலைக் கல்வியாளரை அமர்த்தும் கட்டாயம் ஒன்டாரியோ வாரியத்துக்கு இல்லை. சிறு குடியிருப்புகளுக்கான குறு அங்கன்வாடிகளில் நம் மாநிலம் உதவியாளர் இல்லாமல் பணியாளரை மட்டும் வைத்தது. அப்படி 4,940 மையங்கள் இருந்தன. வட ஒன்டாரியோவின் ஒதுக்கமான ஊரிலும் பிளவக்கல்லுக்கு மேற்கேயுள்ள மலையோரக் குடியிருப்பிலும் இரண்டாவது பெரியவர் கணக்கின் ஓரத்தில் மறைந்துபோகிறார்.

உள்ளூர் அமைப்பின் இரட்டைக் கதை

இதுவரை ஒன்டாரியோவின் பள்ளி வாரியம் நம்மிடம் இல்லாத ஒன்று என்றே தோன்றியிருக்கும். வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் அந்தத் தோற்றம் கலைகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து முதியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வதுண்டு. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் இங்கே பள்ளி நடத்தியிருக்கின்றன. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. ஆசிரியர் ஒன்றியத்தின் ஊழியர். ஒன்றியத்தை நடத்தியவர்கள் ஊரார் தேர்ந்தவர்கள். அமைப்பளவில் அது ஒன்டாரியோ வாரியத்துக்குத் தூரமானதல்ல.

1981 ஜூன் 1 அன்று ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். உரிய தேதியில் சம்பளம் கிடைக்கவும், உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் தலையீடு குறையவும் ஆசிரியர்கள் விரும்பிக் கேட்ட மாற்றம் அது, நியாயமான மாற்றமும்கூட. ஆனால் அன்று முதல் ஒன்றியத்தின் கையில் கட்டடமும் பழுதுபார்ப்பும் பெயர்ப்பலகையும் மிஞ்சின.

பதினாறு ஆண்டுகள் கழித்து ஒன்டாரியோவிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 1997ஆம் ஆண்டின் சட்டங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வாரியங்களை 72 ஆகச் சுருக்கின. கல்விக்கென உள்ளூர்ச் சொத்து வரியை நிர்ணயிக்கும் உரிமையை வாரியங்களிடமிருந்து மாகாணம் எடுத்துக்கொண்டது. ஊருக்கு ஊர் வரி வருவாய் வேறுபட்டதால் குழந்தைக்குக் குழந்தை செலவும் வேறுபட்டது. அதைச் சமன்செய்வதே சொல்லப்பட்ட நோக்கம். நம் ஒன்றியம் இழந்தது ஆசிரியரை. அங்கே வாரியம் இழந்தது பணப்பையை. இரண்டுக்கும் சமநீதியே காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டிலும் உள்ளூர் முடிவின் எல்லை சுருங்கியது.

2025ஆம் ஆண்டு இந்த ஒற்றுமையை இன்னும் கூர்மையாக்கியது. விருதுநகர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் அந்த ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அந்த ஜூனில் டொரான்டோ வாரியம் உட்படச் சிலவற்றை ஒன்டாரியோ அரசு, நிதி நிர்வாகத்தைக் காரணம் காட்டித் தான் அமர்த்திய மேற்பார்வையாளர்களின் கீழ்க் கொண்டுவந்தது. டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் தமிழருக்கு இந்த வாரியங்கள் அந்நியமானவை அல்ல. 2006இல் யார்க் பகுதி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழரான நீதன் ஷான், பின்னாளில் டொரான்டோ வாரியத்தின் தலைவராகவும் ஆனார். வாரியம் வழியே புலம்பெயர்ந்தவர்கள் பொதுவாழ்வுக்குள் நுழைந்தார்கள்; ஒன்றியக் குழு வழியே நம் ஊர்ப் பெண்கள் நுழைந்ததைப்போல.

ஆக, உள்ளூர் அமைப்பு வலுவாக இருக்கும் நாடு, இல்லாத நாடு என்று இரண்டையும் பிரிப்பது சரியாகாது. இரண்டிலும் அது தேய்ந்துவருகிறது. இருந்தும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பணப்பையை இழந்த பிறகும் ஒன்டாரியோ வாரியத்தின் கையில் அறை, ஆசிரியர், மழலைக் கல்வியாளர் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. மழலையர் பராமரிப்புப் பொறுப்பையும் 2010இல் கல்வி அமைச்சகத்துக்கே மாற்றினார்கள். நம்மிடம் அறை ஊரக வளர்ச்சித் துறையிடம், ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையிடம், பணியாளர் சமூக நலத் துறையிடம்.

பெற்றோர் எங்கே நிற்கிறார்கள்?

பெற்றோரின் ஓட்டத்திலும் ஓர் எதிரொளி உண்டு. ஒன்டாரியோவில் முழுநாள் வகுப்பு வந்ததும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் கட்டணக் காப்பகங்களை விட்டுப் பொதுப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களின் கட்டணத்தைக்கொண்டு கைக்குழந்தைப் பிரிவை நடத்திவந்த காப்பகங்கள் தடுமாறின. தமிழ்நாட்டில் ஓட்டம் மறுபக்கம்: அங்கன்வாடியை விட்டுத் தனியார் நர்சரிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பள்ளி வேன்கள் காலையில் கிராமங்களுக்குள் வந்து மூன்று வயதுக் குழந்தையையும் ஏற்றிச்செல்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை எல்கேஜியிலேயே தொடங்குகிறது. தன் பள்ளியில் எல்கேஜி இல்லாத காலத்தில் அரசே தனியார் பள்ளி எல்கேஜிக்குக் கட்டணம் செலுத்தியது. 2019ஆம் ஆண்டின் முயற்சிக்குப் பின்னால் இருந்த அவசரத்தை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய குழந்தையை மூன்று வயதிலேயே அரசுப் பள்ளி இழந்துகொண்டிருந்தது.

வாசல் திறந்த பின் இரு இடத்துப் பெற்றோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்போது எழுதப் படிக்கச் சொல்லித் தருவீர்கள்? ஒன்டாரியோவின் மழலையர் பாடத்திட்டம் விளையாட்டை மையமாகக் கொண்டது. மணலும் நீரும் மரக்கட்டையும்தான் கருவிகள். பிள்ளை பள்ளிக்குப் போய் விளையாடிவிட்டு வருகிறானே என்ற கவலை அங்கேயும் இருந்தது. புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் அந்தக் கவலையோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: தமிழ் போய்விடுமே! வாரியங்கள் நடத்தும் பன்மொழி வகுப்புகளில் தமிழும் ஒன்று என்பதால் அதற்கும் ஒரு வழி கிடைத்தது. வத்திராயிருப்புப் பெற்றோரின் கவலை ஆங்கிலம் வருமா என்பது. இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறைதான். ஆனால் ஒன்டாரியோவில் அந்தப் பதில் பொய்யென்று பட்டால் வாரிய உறுப்பினரைத் தேர்தலில் மாற்றலாம். இங்கே பெற்றோரின் கையில் இருந்த வாக்குச்சீட்டு வேன் கட்டணம்தான்.

எனினும் இந்தப் பக்கத்தில் ஒரு புதிய கதவு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழு தமிழ்நாட்டில் 2022இல் புதிதாக அமைக்கப்பட்டது, 2024இல் மீண்டும் அமைக்கப்பட்டது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், சரிபாதி பெண்கள். மழலையர் வகுப்புச் சிறப்பாசிரியர்களை அமர்த்தும் பணியும் இந்தக் குழு வழியாகவே நடந்தது. ஒன்டாரியோ வாரியம் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பொறுப்பு, டொரான்டோவில் லட்சக்கணக்கில். நம் குழுவோ ஒரே ஒரு பள்ளிக்கு; அங்கே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும். அதிகாரத்தில் வாரியம் பெரியது, அண்மையில் குழு பெரியது.

எடைபோட்ட பின்

இரண்டையும் தட்டில் வைத்த பிறகு, ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்ற முடிவுக்கு வர முடியவில்லை. உணவில் ஒன்டாரியோ நம்மிடம் கற்க வேண்டும். குழந்தை டப்பாவில் கொண்டுவருவதை உண்ணும் பள்ளியில், டப்பா வராத குழந்தையும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பந்தி என்ற தமிழ்நாட்டு ஏற்பாடு அதற்கு நேரான விடை. பொறுப்பில் நாம் ஒன்டாரியோவிடம் கற்க வேண்டும். அங்கே வாரியம் செய்த மிகப்பெரிய காரியம் புதிய கட்டடமோ புதிய பாடநூலோ அல்ல. அதுவரை சேர்ந்து வேலை செய்தறியாத இரு தொழில்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்து, இருவருக்கும் ஒரே கடமையை எழுதிக்கொடுத்து, அந்தக் கடமைக்கு உள்ளூரில் ஓர் அமைப்பைப் பதில் சொல்லவைத்ததே அது.

இதை வத்திராயிருப்பில் செய்ய வாரியம் ஒன்றை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பள்ளி வளாகத்து அங்கன்வாடியின் பணியாளருக்கும் அந்தக் குழந்தைகளின் தாய்மாருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுதியான இடம் தரலாம். ஆசிரியரும் பணியாளரும் எதை எதைச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதைப் பள்ளிக்கல்வி, சமூக நலம் ஆகிய இரு துறைகளும் ஒரே ஆணையில் எழுதலாம். வட்டாரக் கல்வி அலுவலரும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் ஒரே நாளில், ஒரே படிவத்தோடு அந்த அறைக்கு வரலாம். சிறப்பாசிரியருக்கு மாதம் ரூ.5,000 என்பது, நாள்கணக்கில் பிரித்தால் நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் தினக்கூலியையும் எட்டாத தொகை. அதை உயர்த்தாமல் மற்ற மூன்றும் நிலைக்காது. 320 மையங்களின் ஆய்வு காட்டிய பலன், கூடுதல் கைக்கு ஊதியம் கொடுத்துத்தான் வந்தது.

உள்ளூர் அமைப்புகள் இரு கண்டங்களிலும் சுருங்கிவரும் இந்தக் காலத்தில், நான்கு வயதுக் குழந்தையின் ஒரு நாளை முழுமையாகப் பார்க்கக்கூடியவர்கள் அருகில் இருப்பவர்கள்தான். தலைநகரத்துக்குப் பணம் தெரியும், எண்ணிக்கை தெரியும். முட்டை உரிக்கும் நேரத்தில் பாட்டு நின்றுபோவது தெரியாது. தெரிந்தவரிடம் பொறுப்பையும் அதற்குரிய பணத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஒன்டாரியோவுக்கும் வத்திராயிருப்புக்கும் இன்று பொதுவாக எஞ்சியிருக்கும் வேலை.